யூகேஜி கிளாஸ்ல ஸ்டீம் வெச்சு செயலாராய்ச்சி பண்ணச் சொல்றாங்க, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

மயிலாடுதுறை பக்கத்துலேர்ந்து ஒரு யூகேஜி டீச்சர் கேட்டிருக்காங்க. நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்லிடறேன். இந்த வருஷம் ஸ்டீம் (அறிவியல், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கலை, கணக்கு எல்லாத்தையும் சேத்துச் சொல்லித் தர்ற முறை) கொண்டு வரணும்னு ஸ்கூல்ல கரஸ்பாண்டன்ட் சொல்லிட்டாராம், கூடவே ஒவ்வொரு டீச்சரும் ஒரு செயலாராய்ச்சி (டீச்சரே தன் கிளாஸ்ல ஒண்ண மாத்திப் பாத்து, என்ன ஆச்சுன்னு கவனிச்சு எழுதறது) பண்ணி வருஷக் கடைசில ரிப்போர்ட் குடுக்கணுமாம். கிளாஸ்ல 28 புள்ளைங்க, ஒரு ஆயாம்மா. பி.எட்ல படிச்ச செயலாராய்ச்சி முன்தேர்வு, பின்தேர்வோட ஞாபகத்துல நிக்குது. ரோபோ கிட் வாங்கினாத்தான் ஸ்டீமா, அஞ்சு வயசுப் புள்ளைங்ககிட்ட என்ன டேட்டா எடுக்கறது, எழுத்து சொல்லித் தரலையான்னு பேரண்ட்ஸ் சண்டைக்கு வந்தா என்ன பண்றது. இவ்வளவுதான் கேள்வி.

டீச்சர், நான் ஆசிரியர் பயிற்சி பக்கமே ரொம்ப நாளா இருக்கேன், தஞ்சாவூர் திருவாரூர் பக்கம் நர்சரி டீச்சருங்களோட உக்காந்து இந்த வேலைய பாத்திருக்கேன், அதனால மொதல்லயே சொல்லிடறேன். "ஸ்டீம் முறையால் மழலையர் கற்றல் மேம்படுமா"ன்னு தலைப்பு வெச்சீங்கன்னா வருஷம் பூரா கஷ்டப்பட்டும் கையில ஒண்ணும் தேறாது. அது யுனிவர்சிட்டிக்காரங்க நாப்பது ஸ்கூல எடுத்து பண்ண வேண்டிய வேலை. நீங்க ஆராய வேண்டியது உங்க வாய். கிளாஸ்ல நீங்க என்ன கேக்குறீங்க, கேட்டுட்டு எவ்வளவு நேரம் சும்மா இருக்கீங்க, புள்ள தப்பா சொன்னா அடுத்து உங்க வாயிலேர்ந்து என்ன வருது, அதை மாத்தினா புள்ளைங்க பேச்சும் கையும் எப்படி மாறுது. இதுக்கு 28 புள்ளைங்களும் ஒரு போனும் ஒரு நோட்டும் தாராளமா போதும்.

செயலாராய்ச்சியோட கதையே இதுதான். 1946ல கர்ட் லெவின்ங்கிற உளவியல் அறிஞர் இந்தப் பேர்ல எழுதினப்பவே, திட்டம் போடு, செஞ்சு பாரு, என்ன ஆச்சுன்னு பாரு, அதுலேர்ந்து அடுத்த திட்டம் போடுன்னு சுத்திச் சுத்தி மேல போற வேலையாத்தான் சொன்னார், அவர் அதை ஸ்கூலுக்குன்னு சொல்லல, சமூகப் பிரச்சனைங்களுக்காக சொன்னார். 1950கள்ல அமெரிக்காவுல கொலம்பியா யுனிவர்சிட்டில இருந்த ஸ்டீபன் கோரி அதை பள்ளிக்கூடத்துக்கு இழுத்துட்டு வந்தார். அப்புறம் 70கள்ல இங்கிலாந்துல லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ், பாடத்திட்டத்த வெளியாள் வந்து சோதிக்கிறத விட டீச்சரே தன் கிளாஸ்ல சோதிச்சுப் பாக்கட்டும்னு நின்னார். நம்ம ஊர் டயட் (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) புத்தகத்துல வட்டம் வட்டமா அம்புக்குறி போட்டு திட்டமிடல், செயல்படல், உற்றுநோக்கல், சிந்தித்தல்னு படம் இருக்கும் பாருங்க, அது ஆஸ்திரேலியாவுல கெம்மிஸும் மெக்டகார்ட்டும் பரப்பினது. இந்த வரிசையில யாரும் பர்சன்டேஜ் கணக்குப் போட்டு "முன்னேற்றம் கண்டேன்"னு முடிக்கச் சொல்லல. ஆனா நம்ம பக்கம் வர்ற ரிப்போர்ட்ல பாதி அப்படித்தான் இருக்கு, முன்தேர்வுல எல்லாரும் மோசம், நடுவுல டீச்சர் ஒரு சார்ட்டும் ஒரு வீடியோவும் காட்டினாங்க, பின்தேர்வுல எல்லாரும் பாஸ். ஒரு வருஷம் வயசு கூடினாலே அஞ்சு வயசுப் புள்ளைக்கு மார்க் கூடத்தான் செய்யும், இதுல ஆராய்ச்சி எங்க இருக்கு சொல்லுங்க.

ஸ்டீம் பத்தி கொஞ்சம். ஸ்டெம்ங்கிற பேர் 2001 வாக்குல அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை பக்கம் புழக்கத்துக்கு வந்தது, அறிவியல், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கணக்கு. அதுல கலைய சேக்கணும்னு ஒரு அஞ்சாறு வருஷம் கழிச்சு குரல் வந்துச்சு. பேர் புதுசு, சங்கதி ரொம்பப் பழசு. ஃப்ரோபெல் 1837ல ஜெர்மனில சின்னப் புள்ளைங்களுக்குன்னு ஆரம்பிச்ச எடத்துலயே மரக்கட்டையும் உருண்டையும் குச்சியும் குடுத்து அடுக்கு, பிரி, திரும்ப அடுக்குன்னுதான் விட்டார். மாண்டிசோரி அம்மா 1939ல மெட்ராஸ் அடையாறுக்கே வந்து, போர் முடியிற வரைக்கும் இந்தியாவுலயே இருந்து டீச்சருங்களுக்கு பயிற்சி குடுத்தவங்க. அதனால கரஸ்பாண்டன்ட் ஸ்டீம்னு சொன்னதும் பயப்பட வேண்டாம்.

டெக்னாலஜின்னா டேப்லெட்னு நெனைக்கிறவங்க நெறைய. அஞ்சு வயசுக்கு கத்தரிக்கோல் டெக்னாலஜி, புனல் டெக்னாலஜி, முறம் டெக்னாலஜி, கெணத்து உருளை டெக்னாலஜி. இன்ஜினியரிங்னா, செஞ்சது விழுந்துச்சு, ஏன் விழுந்துச்சுன்னு பாத்து மாத்திச் செய்யிறது, அவ்வளவுதான். அப்புறம் இந்த ஆப்ப சோடாவும் வினிகரும் ஊத்துற எரிமலை, எல்லா எக்ஸிபிஷன்லயும் இருக்குமே, எனக்கு அதுல நம்பிக்கையே கெடையாது. ஒரு நிமிஷத்துல பொங்கி முடிஞ்சுடுது, கைதட்டு, அதுல புள்ள மாத்திப் பாக்க ஒண்ணும் இல்ல, டெல்டாவுல எரிமலைய பாத்த புள்ளையும் இல்ல.

புள்ள தானே மாத்திப் பாக்கக்கூடிய விஷயம் எது, அதத்தான் எடுக்கணும். நம்ம பக்கம் அதுக்கா பஞ்சம்.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைய எடுங்க. கீழ உருண்டையா இருக்குற ராஜா ராணி பொம்மை, எப்படித் தள்ளினாலும் எந்திரிச்சு நிக்கும். அடிப்பாகம் களிமண், கனம், மேல லேசு, கனம் பூரா கீழயே தங்கியிருக்கறதால சாஞ்சாலும் திரும்பிடுது. இதை புள்ளைங்களுக்கு வெளக்கிச் சொல்லவே வேண்டாம். வீட்லேர்ந்து முட்டை ஓடு கொண்டு வரச் சொல்லுங்க, இல்ல பழைய பிளாஸ்டிக் பந்தை பாதியா வெட்டிக்கோங்க, ஒரு உருண்டை களிமண்ண குடுத்து "இது விழாம நிக்கணும்"னு சொல்லிட்டு நகந்துடுங்க. ஒருத்தன் களிமண்ண பக்கவாட்டுல ஒட்டுவான், அது ஒரு பக்கமா சாஞ்சே கெடக்கும். ஒருத்தி மேல ஒட்டுவா, குப்புற விழும். நாலாவது தடவை அடியில வெச்சு அமுக்கி தள்ளிப் பாத்துட்டு அது எந்திரிச்சதும் ஒரு சத்தம் போடுவாங்க பாருங்க, அந்த சத்தத்துக்கு முன்னாடி நீங்க வாயத் தொறந்து "அடியில வெய்யிடா"ன்னு சொல்லிட்டீங்களா இல்லையா, அதுதான் உங்க ஆராய்ச்சி. அப்புறம் காகிதத்துல மூஞ்சி வரைஞ்சு ஒட்டறப்ப, தலை பெருசாப் போனா பொம்மை திரும்ப விழுதுன்னு கண்டுபிடிப்பாங்க. கலை இந்த எடத்துல அலங்காரத்துக்கு வரல, கணக்குக்குள்ளயே உக்காந்துடுச்சு. கடைசி பத்து நிமிஷம் கலர் அடிக்க விட்டுட்டு ஸ்டீம்ல கலை முடிஞ்சுதுன்னு எழுதாதீங்க.

கோலமும் அப்படித்தான். 1970கள்ல மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல கிஃப்ட் சிரோமணியும் கூட இருந்தவங்களும் புள்ளிக் கோலத்த வெச்சு கம்ப்யூட்டர் மொழிக் கோட்பாட்டுல பேப்பரே போட்டிருக்காங்க. நம்ம வீட்டு வாசல்ல அம்மா போடுறத வெச்சு. யூகேஜிக்கு மூணு புள்ளி மூணு வரிசை போதும், ஈர மண்ணுல வெரலாலயே போடட்டும், சுண்டக்காயோ கொட்டாங்குச்சித் துண்டோ புள்ளியா வெச்சுக்கட்டும். புள்ளிக்கு மட்டும் குன்றிமணி வேண்டாம், அழகா இருக்குன்னு பல்லாங்குழிக்கு வெச்சிருப்பாங்க, அதை கடிச்சு முழுங்கினா வெஷம். புளியங்கொட்டையும் மூக்குல போட்டுக்கற வயசு, ஆயாம்மா பக்கத்துலயே இருக்கட்டும். நெருப்பு சம்பந்தப்பட்ட எதையும், ஒரு மெழுகுவத்தி கூட, இந்த வயசு கிளாஸுக்குள்ள கொண்டு வராதீங்க. 2004 ஜூலை 16ல கும்பகோணத்துல 94 புள்ளைங்கள பறிகுடுத்த மண்ணு இது, அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

சரி, ஆராய்ச்சி எப்படிப் போகும்னு ஒரு உதாரணத்தோட சொல்றேன். குத்தாலம் பக்கம் ஒரு சின்ன நர்சரில ஒரு டீச்சர் மிதக்குறது முங்குறது எடுத்தாங்க. பிளாஸ்டிக் டப்புல தண்ணி, பக்கத்துல உரிக்காத தேங்கா ஒண்ணு, கூழாங்கல்லு, புளியங்கொட்டை, சாவி, கொட்டாங்குச்சி, மரக்கரண்டி. மொத ரெண்டு வாரம் எதையும் மாத்தாதீங்க, நீங்க எப்பவும் நடத்துற மாதிரியே நடத்துங்க, போன்ல பத்து நிமிஷம் வாய்ஸ் ரெக்கார்டிங் மட்டும் போட்டுக்கோங்கன்னு அவங்ககிட்ட சொல்லியிருந்தேன். அந்த ரெக்கார்டிங்க அவங்களே எழுதிப் பாத்தாங்க. இப்படி இருந்துச்சு:

"இது என்ன?" "தேங்கா." "வெரி குட். தேங்கா கனமா லேசா?" "கனம்." "கனம். இப்ப போட்டா என்னாகும்? முங்குமா மிதக்குமா? மிதக்கும், பாத்தீங்களா, மிதக்குது. எல்லாரும் சொல்லுங்க, தேங்கா மிதக்கும்." "தேங்கா மிதக்கும்."

கேள்விய கேட்டது டீச்சர், பதில் சொன்னதும் டீச்சர், நடுவுல ஒரு செகண்ட் கூட காலி இல்ல. இதுல அந்த டீச்சர் மட்டும் தனி ஆள் இல்ல, அமெரிக்காவுல மேரி பட் ரோன்னு ஒருத்தங்க 1970கள்ல கிளாஸ் கிளாஸா டேப் போட்டுக் கேட்டு இதத்தான் கண்டுபிடிச்சாங்க, சராசரியா டீச்சருங்க ஒரு கேள்வி கேட்டுட்டு ஒரு செகண்டுதான் காத்திருக்காங்க, அதை மூணு செகண்டா ஆக்கினாலே புள்ளைங்க நீளமா பேசறாங்க, எப்பவும் பேசாதவன் பேசறான், காரணம் சொல்றான், கேள்வி கேக்கறான். மூணு செகண்டுங்கறது கேக்க கம்மியா தெரியும். கிளாஸ்ல நின்னு பாருங்க, யுகமா இருக்கும்.

ரெண்டாவது சுத்துல அந்த டீச்சர் மாத்தினது ரெண்டே விஷயம். "முங்குமா மிதக்குமா"ங்கிற கேள்விய விட்டுட்டு "என்னாகும்னு நெனைக்கிறே?"ன்னு கேக்கறது, கேட்டுட்டு மனசுக்குள்ள மூணு எண்றது. தப்பான பதிலுக்கும் சரியான பதிலுக்கும் மூஞ்சிய ஒரே மாதிரி வெச்சுக்கறதும் சேந்துக்கிச்சு, அதுதான் அவங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாம். அடுத்த ரெக்கார்டிங்:

"இதப் போட்டா என்னாகும்னு நெனைக்கிறே?" (சத்தமே இல்ல.) "முங்கிரும் மிஸ்." "ம்." (சத்தமே இல்ல.) "ஏன்னா அது கனம். கனமா இருந்தா முங்கிரும்." இன்னொரு குரல்: "எங்க கொல்லையில தேங்கா வாய்க்கால்ல விழுந்து போயிட்டே இருந்துச்சு மிஸ், முங்கல. எங்க தாத்தா கொம்ப வெச்சு இழுத்தாங்க." மொதக் குரல்: "அது ஓடுற தண்ணி. இது நிக்கிற தண்ணி."

இந்தக் கடைசி வரிய படிச்சுட்டு அந்த டீச்சர் எனக்கு போன் பண்ணினாங்க. ஓடுற தண்ணி வேற நிக்கிற தண்ணி வேறன்னு ஒரு அஞ்சு வயசுப் புள்ள தன் கருத்த காப்பாத்திக்க புதுசா ஒரு காரணம் கண்டுபிடிக்கிறான், தப்புதான், ஆனா எவ்வளவு நல்ல தப்பு. அதை சோதிச்சுப் பாக்கலாம் இல்லையா? போட்டுப் பாத்தாங்க, தேங்கா நிக்கிற தண்ணிலயும் மிதந்துச்சு, புளியங்கொட்டை இத்தனூண்டு இருந்துகிட்டு உள்ள போயிடுச்சு. கனம்னா முங்கும்ங்கிற நெனப்பு அப்பத்தான் ஆடுச்சு. ஆடினாப் போதும், அடர்த்தி மிதப்பு விசைன்னு ஆரம்பிக்க வேண்டாம், அதெல்லாம் பெரிய கிளாஸ்ல வரும்.

மூணாவது சுத்துல களிமண். ஆத்தங்கரை களிமண் உருண்டை முங்கும், அதே களிமண்ண கிண்ணம் மாதிரி குழிச்சு மெதுவா விட்டா மிதக்கும். சுவர் மெலிசாப் போனா கொஞ்ச நேரத்துல ஊறி உக்காந்துடும், ஓரத்துல தண்ணி ஏறினா ஒரேடியா போயிடும், அதெல்லாம் புள்ளைங்களுக்கு நல்ல வேலை. நாகப்பட்டினத்துல இரும்புக் கப்பல் எப்படி நிக்குதுன்னு ஒரு புள்ள அங்க கேட்டுச்சு. டீச்சர் பதில் சொல்லல, "நீ என்ன நெனைக்கிறே"ன்னு திருப்பிக் கேட்டாங்க, "அது பெரிய கிண்ணம்"னு பதில் வந்துச்சு. இன்னொரு ஐடியா, நம்ம விவசாயிங்க விதை நெல்லு பொறுக்குற முறை. உப்புத்தண்ணில முட்டை மெதக்குற அளவுக்கு உப்பப் போட்டுட்டு நெல்ல கொட்டினா பதரும் பாதிப் பதரும் மேல வந்துடும், நல்ல நெல்லு அடியில தங்கும், அப்புறம் நல்ல தண்ணில அலசிடுவாங்க. ஒரு தாத்தாவ கிளாஸுக்கு வரவழைச்சு அவரையே செய்யச் சொல்லுங்க. கெஸ்ட் லெக்சர்னு ரிப்போர்ட்ல எழுதிக்கலாம், கரஸ்பாண்டன்ட்டும் சந்தோஷப்படுவார்.

டேட்டா விஷயத்துக்கு வரேன். 28 பேரையும் எழுத முடியாது, முயற்சி பண்ணவே வேண்டாம், ஒரு வாரத்துல வெறுத்துடும். நாலஞ்சு பேர எடுத்துக்கோங்க, நல்லா பேசறவன மட்டும் எடுத்துடாதீங்க. வாயே தொறக்காத ஒண்ணு, அடிக்கடி லீவு போடுற ஒண்ணு, வீட்ல வேற மொழி பேசுற ஒண்ணு (கும்பகோணம்னா சௌராஷ்டிரா வீடு இருக்கும், வேலைக்கு வந்த வடக்கத்திக் குடும்பத்துப் புள்ளைங்க இப்ப எல்லா ஸ்கூல்லயும் இருக்காங்க), எப்பவும் அடிதடியில இருக்குற ஒண்ணு. வாரத்துக்கு ஒரு ரெக்கார்டிங், பத்து நிமிஷம். அதை அன்னிக்கு ராத்திரியே எழுதிடுங்க, தள்ளிப் போட்டா யார் குரல் எதுன்னு மறந்துடும். எழுதினதுல மூணே விஷயம் எண்ணுங்க: ஒத்த வார்த்தையில பதில் வர்ற கேள்வி நீங்க எத்தனை கேட்டீங்க, நெனைச்சு சொல்ல வேண்டிய கேள்வி எத்தனை, அந்த நாலஞ்சு பேர்ல யார் வாயே தொறக்கல. எண்ணிக்கை வேணும்னு கேக்குறவங்களுக்கு இந்த எண்ணிக்கை இருக்கு, மார்க் தேவையில்ல.

அடுத்து படம். செய்யிறதுக்கு முன்னாடி "என்னாகும்னு நெனைக்கிறியோ அத வரை", செஞ்ச பிறகு "என்ன ஆச்சோ அத வரை". ஒரே தாள்ல ரெண்டு பக்கமும். புள்ள வரைஞ்சுட்டு சொல்றத நீங்க கீழ எழுதுங்க, அவன் சொன்ன வார்த்தையிலயே எழுதுங்க, "முங்கிரிச்சு"ன்னு சொன்னா "முங்கிரிச்சு"ன்னே இருக்கட்டும், "மூழ்கியது"ன்னு நாகரிகம் பண்ணாதீங்க. இத்தாலில ரெஜியோ எமிலியாங்கிற ஊர்ல ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட ஊர்க்காரங்களே சேந்து பாலர் பள்ளி கட்டினாங்க, லோரிஸ் மலகுஸ்ஸின்னு ஒரு வாத்தியார் அதுக்கு வழி காட்டினார், அவங்க இன்னிக்கும் உலகம் பூரா பேசப்படுறதுக்கு காரணம் இந்த மாதிரி புள்ள பேச்சையும் படத்தையும் விடாம சேத்து வெச்சு, டீச்சருங்க கூடி உக்காந்து அதைப் பத்திப் பேசறதுதான்.

கூடி உக்காந்து பேசறது முக்கியம். உங்க நோட்ட நீங்களே படிச்சா நீங்க நெனைச்சதுதான் அதுல தெரியும். எல்கேஜி மிஸ்கிட்ட குடுங்க, ஒரு டீ குடிக்கிற நேரம், "இதுல நான் எங்கல்லாம் அவசரப்படுறேன்"னு மட்டும் கேளுங்க. ஆயாம்மாகிட்டயும் கேளுங்க, அவங்க பாக்குறத நாம பாக்கறதே இல்ல, யாரு யாருகிட்டேர்ந்து பிடுங்கறான், எந்தப் புள்ள சும்மா நின்னு வேடிக்கை பாத்துட்டு அப்புறம் தனியா போயி செஞ்சு பாக்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். நீங்க கேட்டது, புள்ள செஞ்சது, கூட இருந்தவங்க பாத்தது, மூணும் ஒத்துப் போனா தைரியமா எழுதுங்க, ஒத்துப் போகலேன்னா அதையும் எழுதுங்க, ரிப்போர்ட்ல படிக்க ருசியான எடமே அதுதான்.

எல்லாத்தையும் விட எனக்குப் புடிச்சது வாய்க்கால் விளையாட்டு. ஸ்கூல்ல கட்டட வேலைக்குக் கொட்டின மணல் ஒரு மூலையில இருக்கும், அதுபோதும். மேட்டுலேர்ந்து பள்ளத்துக்கு வாய்க்கால் வெட்டச் சொல்லுங்க, மேல ஒரு பக்கெட் தண்ணி, ஒரு மக், ஓட்டுச் சில்லு நாலஞ்சு மதகுக்கு. ஜூன் 12ல மேட்டூர் தொறந்தாங்களா இல்லையான்னு வீட்ல பேசறத கேட்டு வளர்ற புள்ளைங்க, அவங்களுக்கு இது பாடம் கெடையாது. ஒரு ஸ்கூல்ல நான் பாத்தேன், தண்ணி பாதி தூரத்துலயே மண்ணு குடிச்சு நின்னுடுச்சு, கீழ உக்காந்திருந்த பொண்ணு எந்திரிச்சு இடுப்புல கைய வெச்சுகிட்டு "கடைமடைக்கு தண்ணி வரல"ன்னு சொல்லிச்சு. மேல இருந்த பையன் "மொறை வரும், இரு"ன்னான். அப்புறம் ரெண்டு பேரும் சேந்து நடு மதக அடைச்சுட்டு விட்டாங்க, வந்துச்சு. சரிவு, வேகம், ஊறல், பங்கு எல்லாம் அந்த கால் மணி நேரத்துல இருக்கு, டீச்சர் பேசினது மொத்தமே நாலு வார்த்தை. பக்கெட்ல தண்ணி கொஞ்சமா வெய்யிங்க, வேலை முடிஞ்சதும் கவுத்துடுங்க, நெஜ வாய்க்கால் பக்கம் கூட்டிட்டுப் போறதா இருந்தா கூட பெரியவங்க நாலு பேர் இல்லாம போகாதீங்க.

காலக் கணக்கு நம்ம ஊருக்குத் தகுந்த மாதிரி போடணும். ஜூன்ல பாதிப் புள்ளைங்க அழுதுகிட்டிருக்கும், ஒண்ணும் நடக்காது. ஜூலை கடைசில மொத சுத்து, எதையும் மாத்தாம கேட்டுப் பாக்க. ஆகஸ்ட் செப்டம்பர்ல ரெண்டாவது. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை, எப்ப லீவு விடுவாங்கன்னு கலெக்டருக்குத்தான் தெரியும், 2018ல கஜா புயல் அடிச்சப்ப வேதாரண்யம் பக்கம் ஸ்கூல் கட்டடமே பழைய நிலைக்கு வர நாளாச்சு, அதனால அந்த மூணு மாசத்துல புதுசா எதையும் ஆரம்பிக்காம, மழைய அளக்கறது மட்டும் வெச்சுக்கலாம். ஒரே மாதிரி பாட்டில மேல வெட்டி வெளில வெச்சு, தெனம் எவ்வளவு தண்ணின்னு கலர் பேப்பர் வெட்டி ஒட்டினா கிளாஸ் சுவத்துல பார் சார்ட் தானா வளரும். ஒல்லி பாட்டில்ல கொட்டினா தண்ணி கூடிடுச்சுன்னு இந்த வயசுல பெரும்பாலும் சொல்வாங்க, குழந்தைங்க யோசிக்கிற விதத்த ஆராய்ஞ்ச பியாஜே சொன்னதுதான், அத திருத்த வேண்டாம், எழுதி வெச்சுக்கோங்க. பொங்கல் கழிஞ்சு மூணாவது சுத்து. மார்ச்ல எழுதிடுங்க.

பேரண்ட்ஸ். "மண்ணுல வெளையாடவா ஃபீஸ் கட்டுறோம்"னு பாட்டிங்க கேக்கத்தான் செய்வாங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது, காசு கட்டுறவங்க அவங்க. சட்டம் திட்டம் பேசினா எடுபடாது. 2022ல வந்த தேசிய பாடத்திட்டச் சட்டகமே இந்த வயசுக்கு பரீட்சை கூடாதுன்னுதான் சொல்லுது, அதுக்கு அடிப்படையான தேசிய கல்விக் கொள்கைய தமிழ்நாடு ஏத்துக்கலங்கறது தனி அரசியல், ஆனா இங்கயும் 2019ல 2,381 அங்கன்வாடில எல்கேஜி யூகேஜி ஆரம்பிச்சதும், ஒண்ணுலேர்ந்து மூணாவது வரைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் கொண்டு வந்ததும் ஆடிப்பாடி செய்யிற முறையிலதான். இதையெல்லாம் மீட்டிங்ல சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. அந்த ரெண்டு பக்கப் படத்த, கீழ புள்ள சொன்ன வாக்கியத்தோட, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புங்க. "எங்க தாத்தா கொம்ப வெச்சு இழுத்தாங்க"ன்னு எழுதின தாள் வீட்டுக்குப் போனா அந்தத் தாத்தாவே திங்கக்கிழமை கேட்டுல வந்து நிப்பார். எழுத்தும் அதுல தானா வரும், தான் சொன்னத மிஸ் எழுதறத பாக்குற புள்ள, "மு எங்க இருக்கு"ன்னு தேடும்.

அனுமதி வாங்காம ரெக்கார்டிங், போட்டோ எதுவும் வேண்டாம். அட்மிஷன் ஃபார்ம்ல போட்ட கையெழுத்து இதுக்கு ஆகாது. எதுக்காக எடுக்கறேன், யார் கேப்பாங்க, எப்ப அழிப்பேன்னு தமிழ்ல அரைப் பக்கம் எழுதி கையெழுத்து வாங்குங்க, 2023 தனிநபர் தரவு சட்டத்துலயும் புள்ளைங்க விஷயத்துல பெத்தவங்க சம்மதம் கட்டாயம்னுதான் இருக்கு. ரிப்போர்ட்ல பேர மாத்திடுங்க. ஸ்டேட்டஸ்ல போடற ஆசைய அடக்கிக்கோங்க, ஸ்கூல் பேஜ்ல போடணும்னு ஆபீஸ்ல கேட்டாலும் ஆராய்ச்சிக்கு எடுத்தது வேறன்னு சொல்லிடுங்க. அப்புறம் புள்ளைகிட்டயும் கேளுங்க, "நீ பேசறத போன்ல போட்டுக்கவா"ன்னு. வேண்டாம்னு சொல்ற புள்ளைய அன்னிக்கு விட்டுடுங்க.

ரோபோ கிட்டு பத்தி கடைசியா கேட்டிருந்தீங்க. கரஸ்பாண்டன்ட் வாங்கியே தீருவேன்னா வாங்கட்டும், பெரிய கிளாஸுக்கு ஆகும், அதுல பட்டன் பேட்டரியும் குட்டிக் காந்தமும் இருந்தா யூகேஜி பக்கம் வராம பாத்துக்கோங்க, முழுங்கினா ஆஸ்பத்திரி கேஸ். அந்தக் காசுல உங்களுக்கு ரெண்டு பெரிய டப்பு, ஒரு தராசு, பத்து புனல், நாலு லென்ஸ், ஒரு லோடு மணல் கேளுங்க, மிச்சம் வரும்.

ரிப்போர்ட் எழுதறப்ப ஆபீஸ்ல குடுத்த ஃபார்மட்ல கருதுகோள்னு ஒரு கட்டம் இருந்தா, "நான் கேள்வியை மாற்றி, காத்திருந்தால், குழந்தைகள் காரணம் கூறுவது அதிகரிக்கும்"னு எழுதிக்கோங்க, பொய் இல்ல. முன்தேர்வு கட்டத்துல மொத ரெண்டு வார ரெக்கார்டிங் எண்ணிக்கையும், பின்தேர்வு கட்டத்துல மார்ச் எண்ணிக்கையும் போடுங்க. எந்தப் புள்ள கடைசி வரைக்கும் பேசலயோ அந்தப் புள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க. எழுதி முடிச்சதும் ஒரு காப்பி குருக்கத்தி டயட்லயோ மன்னார்குடி டயட்லயோ தெரிஞ்ச விரிவுரையாளர் இருந்தா காட்டுங்க, இந்த மாதிரி சின்னக் கிளாஸ்லேர்ந்து வர்ற வேலைய நின்னு படிக்கிறவங்க அங்க இருக்காங்க. மொத ரெக்கார்டிங் எழுதினதும் வேணும்னா இங்கயே போடுங்க டீச்சர், பேர எடுத்துட்டு, பாத்து சொல்றேன்.